வலை பின்னிய லோக்கியும் வலை வீசிய ஈசனும்

(தூத்துக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வட ஐரோப்பாவின் பழைய தெய்வக் கதைகளுக்குச் சுவடிகளில் வரைந்த படங்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். இதைத் தூத்துக்குடியில் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அந்தப் படங்களில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தவை இரண்டு. ஒன்றில் ஒரு தெய்வம் தூண்டில் போடுகிறது. மற்றொன்றில் ஒருவன் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தூண்டிலும் வலையும் பழகிய கைகள் இந்த அவையில் நிறைய இருக்கின்றன.

வலைக்காரனிடமிருந்து தொடங்குகிறேன். அவன் பெயர் லோக்கி. தேவர்களோடு உண்டு உறங்கி அவர்களுக்கே கேடு சூழ்கிறவன். ஒளி பொருந்திய பால்டர் என்ற தேவன் சாகக் காரணமானவன் அவன்தான். அந்தப் பழிக்குப் பிறகு ஓடி ஒளிகிறான். மலைமேல் நான்கு வாசல் வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டு நாலு திசையையும் பார்த்தபடி இருக்கிறான். பகலில் சால்மன் மீனாக மாறி அருவிக்கடியில் மறைந்துகொள்கிறான். ஒருநாள் அடுப்பருகே உட்கார்ந்து, தேவர்கள் என்னை எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசிக்கிறான். கை தானாக நூலை எடுத்துக் கண்ணி கண்ணியாக முடிகிறது. உலகின் முதல் வலை அப்படித்தான் பிறந்தது என்கிறது கதை. தேவர்கள் வருவதைக் கண்டதும் வலையை நெருப்பில் போட்டுவிட்டு ஆற்றில் பாய்கிறான். வந்தவர்களில் க்வாசிர் என்ற அறிவாளி அடுப்பைப் பார்க்கிறான். நூல் எரிந்துவிட்டது, ஆனால் சாம்பலில் கண்ணியின் அமைப்பு அப்படியே படிந்திருக்கிறது. அதைப் பார்த்தே இன்னொரு வலை பின்னுகிறார்கள். அந்த வலையால் ஆற்றை அரித்து மீனை விரட்டுகிறார்கள். துள்ளித் தாண்டிய சால்மனை இடிக்கடவுளான தோர் வால்பக்கம் இறுக்கிப் பிடிக்கிறான். சால்மன் வாலருகே ஒடுங்கியிருப்பது அந்தப் பிடியால்தான் என்று கதை முடிகிறது.

மீனின் உடலமைப்புக்குக் காரணம் சொல்லி முடியும் கதை, மீன் பிடிக்கிறவர்கள் மத்தியில் வளர்ந்த கதையாகத்தான் இருக்க முடியும். வலையைக் கையில் பிடித்த லோக்கியின் படம் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில், ஆர்னி மக்னுசன் பெயரால் அமைந்த சுவடி நிலையத்தில் இருக்கிறது. 1765–66இல் காகிதத்தில் எழுதிய சுவடி அது. மெல்ஸ்டெட் எட்டா என்று அதை அழைக்கிறார்கள். பக்கத்தை நிறைத்து ஆள் நிற்கிறான். கையிலிருந்து வலை தொங்குகிறது. உடல் அளவில் பிசகு உண்டு. ஓவியக்கல்வி பெற்ற கை அதை வரையவில்லை. ஆனால் வலை வலையாக இருக்கிறது. கண்ணிகளைக் கோடு கோடாக இழுத்துக் கட்டியிருக்கிறார். முகத்தில் செலுத்தாத கவனத்தை வலையில் செலுத்தியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

வரைந்தவர் யாகோப் சிகுர்ட்சன். கிழக்கு ஐஸ்லாந்தில் வோப்னாஃபியோர்டுர் பகுதியில் குத்தகை நிலத்தில் பாடுபட்ட ஏழைக் குடியானவர். ஒரு பண்ணையில் நிலைக்காமல் இன்னொன்றுக்கு மாறி மாறிக் குடியிருந்தவர். 1779இல் இறந்தார். கவி கட்டுவார், சுவடி பெயர்த்து எழுதுவார், படம் போடுவார். அதே பகுதியில் கிர்க்யுபாயர் என்ற ஊரின் லூத்தரன் குருவாக இருந்த ஓலாவுர் பிரின்யூல்ப்சன், 1760இல் இதே கதைகளைப் படங்களோடு எழுதினார். அந்தச் சுவடி கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கிறது. இரண்டு சுவடிகளின் படங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. தேவர் தலைவனான ஒடின் ஏறிவரும் எட்டுக்கால் குதிரை இரண்டிலும் வருகிறது; உப்புப் படிந்த பனிப்பாறையை நக்கி நக்கித் தேவர்களின் மூதாதையை வெளிக்கொணரும் அவுதும்லா என்ற பசுவும் வருகிறது. இன்றைக்கு உலகம் முழுக்கப் புத்தக அட்டைகளிலும் பாடநூல்களிலும் நார்ஸ் தெய்வங்கள் என்று காணும் பழைய படங்களில் பல, இந்தக் குடியானவரும் அந்தக் குருவும் வரைந்தவை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஐஸ்லாந்து மக்கள் தோரையும் ஒடினையும் கும்பிட்டது கி.பி. 1000 வரைக்கும். படம் வரைந்தது 1760களில். நடுவில் ஏழரை நூற்றாண்டுகள். கும்பிட்டவர்கள் தாளில் வரையவில்லை. வரைந்தவர்கள் கும்பிடவில்லை. ஒரு கிறித்தவக் குரு, தன் ஆலயத்தில் பூசை முடித்து வந்து, ஒற்றைக் கண் ஒடினுக்கு வண்ணம் தீட்டுகிறார். ஏன்?

ஐஸ்லாந்து கிறித்தவத்துக்கு மாறிய விதத்திலிருந்து பார்க்க வேண்டும். அப்போது அங்கே அரசன் கிடையாது. ஆண்டுக்கொருமுறை ஆல்திங் என்ற பொதுச்சபை கூடும். நார்வே அரசனின் நெருக்குதலால் ஒரு சாரார் கிறித்தவர் ஆகிவிட்டார்கள். ஊர் இரண்டாகப் பிளந்து வாளெடுக்கும் நிலை வந்தது. சபையின் சட்டம் சொல்பவரான தோர்கெய்ர் என்பவரிடம் முடிவை விட்டார்கள். அவரோ பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர். ஒரு பகலும் இரவும் போர்வையை மூடிப் படுத்திருந்து, எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார்: ஒரே சட்டம், ஒரே மதம்; எல்லாரும் திருமுழுக்குப் பெறுவது; பழைய வழக்கங்கள் சிலவற்றுக்குச் சில காலம் விலக்கு. ஊர் ஒப்புக்கொண்டது.

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு இந்த வரலாறு எங்கோ கேட்டதுபோல இருக்கும். 1530களில் முத்துச் சலாபத்தின் உரிமைப் போட்டி இரத்தம் சிந்தும் மோதலாக முற்றியபோது, பரதவரின் பட்டங்கட்டிகள் கூடிப் பேசிப் போர்த்துக்கீசியரின் காவலை நாடினார்கள். 1536–37இல் ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது. பிரான்சிஸ் சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542இல். தனித்தனி மனிதர் மனம் மாறிய கதை அல்ல இது. ஒரு சமூகம் பிழைத்திருக்க எடுத்த முடிவு. அப்படி மாறும் சமூகம் தன் பழையதை எல்லாம் கடலில் கொட்டிவிடுவதில்லை. பனிமய மாதாவுக்கு 1806இல் பொற்றேர் செய்து வடம் பிடித்தார்கள். வடம் பிடித்த கைக்கு அது புதுப் பழக்கமா? பல தலைமுறைப் பழக்கம் அது; எழுந்தருளுபவர் மாறினார், அவ்வளவுதான்.

ஐஸ்லாந்தில் பழையதைக் காத்தது கவிதை. அவர்களுடைய மரபுக்கவிகள் எதையும் நேராகச் சொல்வதில்லை. பொன்னைச் சொல்ல வேண்டுமானால் ஏதாவதொரு தெய்வக்கதையைச் சுட்டுவார்கள். கதை தெரியாதவனுக்குக் கவிதை விளங்காது. மதம் மாறி இருநூறு ஆண்டு கடந்ததும் இளைய கவிகளுக்குக் கதை மறக்கத் தொடங்கியது. ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்ற கிறித்தவப் பெருந்தனக்காரர் 1220 வாக்கில் அந்தக் கதைகளைத் தொகுத்து எழுதினார். அதுதான் எட்டா. லோக்கி அடுப்பருகே வலை பின்னியதும், சாம்பலில் கண்ணி தெரிந்ததும் அவர் எழுதியதால்தான் நமக்குக் கிடைத்தன. எட்டயபுரத்தோடு தொடர்புள்ள உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியபோது தமிழ்க் காப்பிய மரபு முழுவதையும் கையாண்டாரே, அந்த நெஞ்சத்தின் அகலம் ஸ்நோரியிடமும் இருந்தது.

ஸ்நோரியின் நூலுக்கு இருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1300களின் தொடக்கத்தில் கன்றுத்தோலில் எழுதிய சுவடி. மாறுவேடத்தில் வந்த ஓர் அரசன் ஒரு பக்கம் நிற்கிறான். எதிரே மூன்று அரியணைகளில் மூவர். அவன் உலகம் எப்படித் தோன்றியது என்று கேட்கிறான், அவர்கள் சொல்கிறார்கள். எட்டாவின் கதையில் பெரும்பகுதி அந்தக் கேள்வி-பதிலாகத்தான் நடக்கிறது. வண்ணச் செறிவு எதுவும் இல்லாத எளிய கோட்டுப்படம் அது. அதில் தெய்வப் பிரமாண்டம் எதுவும் இல்லை. ஒருவன் கேட்பதையும் மூவர் சொல்வதையும் மட்டும் வரைந்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த படம். அதே உப்சாலாவில் இருந்த யார்ல் சார்பெந்தியே என்ற பேராசிரியர்தான், யாக்கொபோ பெனிச்சியோ என்ற சேசுசபைப் பாதிரியார் மலபார்க் கரையில் இருந்து நம் தெய்வக் கதைகளைப் பற்றி 1609இல் போர்த்துக்கீச மொழியில் எழுதிய நூலை 1933இல் பதிப்பித்தார்.

அதற்குப் பிறகு முக்கியமானது 1680இல் எழுதிய ஒரு சுவடி. நீண்டு ஒடுங்கிய வடிவம் உடையது. நீள எட்டா என்றே பெயர். உலகத்தைத் தாங்கும் இக்ட்ராசில் மரம், அதில் ஏறி இறங்கும் அணில், வீரர்கள் இறந்தபின் சென்று சேரும் வல்ஹால்லா மண்டபம், அதன் கூரையில் நின்று மரத்தின் இலையைத் தின்னும் ஹெய்ட்ரூன் என்ற ஆடு, கட்டுண்ட ஓநாய் பென்ரிர், அதன் வாயிலிருந்து ஓடும் ஆறு என்று கதையில் சொல்லியது சொல்லியபடி படமாகியிருக்கிறது. வரைந்தவருக்கு முன்மாதிரி ஏது? கோயில்கள் அழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மரச்சிலைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. கையில் இருந்தது சொல் மட்டும். க்வாசிர் சாம்பலைப் பார்த்து வலை பின்னியதைப் போலத்தான் இவர்களும் செய்தார்கள். எரிந்த வலையின் அமைப்பு எழுத்தில் படிந்திருந்தது. அதிலிருந்து தங்கள் கைநூலால் புது வலை பின்னினார்கள். பின்னியவர் கையில் இருந்த நூல்தானே வலையில் இருக்கும்? அதனால்தான் அந்தத் தெய்வங்கள் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டு மனிதர்களாக நிற்கிறார்கள்.

இதை மிகத் தெளிவாகக் காண தோர் தூண்டில் போடும் படத்துக்கு வர வேண்டும். அதுவும் மெல்ஸ்டெட் எட்டாவில் இருக்கிறது.

கதை இது. தோர் இளைஞனாக வேடமிட்டு ஹிமிர் என்ற அரக்கனிடம் போகிறான். கடலுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போ என்கிறான். இரை நீயே தேடிக்கொள் என்கிறான் ஹிமிர். தோர் அரக்கனின் மந்தையிலிருந்த பெரிய காளையின் தலையைத் திருகி எடுத்துக்கொண்டு வருகிறான். ஹிமிர் அணியத்தில் உட்கார்ந்து தண்டு வலிக்கிறான், தோர் அமரத்துப் பக்கம். வழக்கமாகத் தட்டை மீன் படும் பாரு வந்ததும் ஹிமிர் நிறுத்தச் சொல்கிறான். தோர் கேட்கவில்லை, இன்னும் வெளியே போகிறான். இதற்குமேல் போனால் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு இருக்கிறது என்று ஹிமிர் அஞ்சுகிறான். தோருக்கு வேண்டியதே அதுதான். காளைத்தலையைக் கொளுவியில் கோத்து இறக்குகிறான். பாம்பு கவ்வுகிறது. இழுத்த இழுப்பில் தோரின் முட்டிகள் படகின் விளிம்பில் மோதுகின்றன. உன்னி நின்றதில் கால் இரண்டும் படகின் அடிப்பலகையைப் பிளந்துகொண்டு கடலடியில் ஊன்றுகின்றன. பாம்பின் தலை மேலே வருகிறது. இருவரும் கண்ணுக்குக் கண் பார்க்கிறார்கள். தோர் சுத்தியலை ஓங்கும் நேரத்தில், படகுக்குள் தண்ணீர் ஏறுவதைக் கண்டு வெளுத்துப்போன ஹிமிர் இரைக்கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிடுகிறான்.

இந்தக் கதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது. சுவீடனில் ஆல்தூனா என்ற ஊரின் நடுகல்லில், படகின் அடியைப் பிளந்து கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஒருவன் தூண்டில் போடுகிறான். இங்கிலாந்தின் கோஸ்ஃபோர்த்திலும் டென்மார்க்கின் ஹோர்டுமிலும் இதே காட்சி கல்லில் இருக்கிறது. யாகோப் சிகுர்ட்சன் அந்தக் கற்களைக் கண்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்தது தன் ஊர்க் கடல். ஐஸ்லாந்தின் குடியானவர்கள் திறந்த துடுப்புப் படகில் ஏறிக் கைத்தூண்டில் போட்டு மீன் பிடித்துத்தான் குளிர்காலத்தைக் கடந்தார்கள். அவர் வரைந்த படகும் கயிறும் அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவை. கொளுவியில் காளைத்தலை தொங்குகிறது, கீழே பாம்பு. அந்தப் பக்கத்தில் பயபக்தியும் இல்லை, ஏளனமும் இல்லை. கடலுக்குப் போன ஒருவனைக் கடல் தெரிந்த இன்னொருவன் வரைந்திருக்கிறான்.

ஏன் கையால் எழுதினார்கள், அச்சுக்கூடம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1530 வாக்கிலேயே ஐஸ்லாந்துக்கு அச்சு வந்துவிட்டது. ஆனால் அது சபையின் கையில் இருந்தது. ஞானநூல்கள்தான் பெரும்பாலும் அச்சேறின. மற்றக் கதைகளை மக்கள் பனிக்கால இரவுகளில் கையால் எழுதித்தான் வைத்துக்கொண்டார்கள். நம் கதையும் அதுவே. அண்டிரிக் அடிகளாரின் அடியார் வரலாறு 1586இல் அச்சானது. இங்கே பக்கத்தில் புன்னைக்காயலில் அச்சடித்தது என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். ஆனால் இந்தியர் தங்கு தடையின்றி அச்சுக்கூடம் நடத்தும் நிலை 1835இல்தான் வந்தது. நடுவில் இருநூற்றைம்பது ஆண்டுகள் இலக்கியம் ஓலையில்தான் உயிர் வைத்திருந்தது. உடன்குடியையும் திருச்செந்தூர்த் தேரியையும் சுற்றிப் பனை நிற்கும் மண் இது. ஓலைக்குப் பஞ்சம் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிப் படம் போடவும் முடியும். ஆனால் இரண்டு விரல் அகலத்தில் நாரோட்டத்துக்கு எதிராகக் கீறினால் ஓலை கிழியும். நம் தெய்வங்கள் கல்லிலும் செம்பிலும் சுவரிலும் பெருகி நின்றதற்கும், ஏட்டில் அரிதாகவே வந்ததற்கும் அது ஒரு காரணம்.

ஏடுகள் அழிந்த விதத்திலும் ஒற்றுமை இருக்கிறது. ஆர்னி மக்னுசன் 1702 முதல் 1712 வரை ஐஸ்லாந்து முழுக்கச் சுற்றிச் சுவடி சேர்த்தபோது, எழுத்துள்ள தோலைச் சட்டை தைக்க அளவுத்துண்டாக வெட்டியிருந்ததைக் கண்டார். ஆயரின் மகுடத்துக்குள் விறைப்புக்கு வைத்துத் தைத்த ஏடும் உண்டு. அதற்கு முன் 1682இல் ஹன்னெஸ் தோர்லெய்ஃப்சன் என்பவர், அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசருக்காகத் திரட்டிய சுவடிகளோடு கப்பல் ஏறினார். கப்பலும் அவரும் சுவடிகளும் கடலோடு போனார்கள். 1728இல் கோபன்ஹேகன் தீப்பற்றி எரிந்தது; அங்கிருந்த சுவடிகள் சிலவும் அதில் அழிந்தன. நம் உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்துவிட்டார்கள் என்ற பதில்தான் கிடைத்தது. அது நம் நெல்லைச் சீமையில் நடந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அங்கே தப்பியவை திரும்பி வந்தன. 1971 ஏப்ரல் 21இல் டென்மார்க்கின் போர்க்கப்பல் ஒன்று ரெய்க்யாவிக் துறைமுகத்துக்கு வந்தது. அதில் தேவர்களின் பழம்பாடல்கள் அடங்கிய சிறு தோல்சுவடியும், ஃப்ளாட்டே ஏடு என்ற பெரிய சுவடியும் இருந்தன. அந்தச் சிறு சுவடி 1270 வாக்கில் எழுதியது. நாற்பத்தைந்து தாள்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு தெய்வப் படம்கூடக் கிடையாது. 1643இல் அதைக் கண்டெடுத்த ஆயர் பிரின்யோல்வுர் ஸ்வெய்ன்சன் 1662இல் டென்மார்க் அரசருக்கு அனுப்பிவைத்திருந்தார். முந்நூறு ஆண்டு கழித்து அது கரையேறியதைப் பார்க்க ஆயிரக்கணக்கான மக்கள் துறைமுகத்தில் கூடி நின்றார்கள். துறைமுக நகரத்தில் வாழ்கிறவர்களுக்குக் கப்பல் எதற்கெல்லாம் வரும் என்று தெரியும். நிலக்கரி வரும், மரத்தடி வரும், உப்பு போகும். ஒரு மக்கள் திரள் ஏட்டுக்காகத் துறையில் காத்து நின்றது என்பதைப் படித்தபோது நான் நெகிழ்ந்தேன். மெல்ஸ்டெட் எட்டாவும் அப்படித்தான். பிழைப்புத் தேடி வட அமெரிக்காவுக்குப் போன ஐஸ்லாந்துக் குடும்பத்தோடு கடல் கடந்தது. கனடாவில் தலைமுறைகளாக வீட்டில் இருந்தது. 2000இல் அந்தக் குடும்பம் அதை ஐஸ்லாந்துக்குக் கொடுத்தது.

இனி நம் கரைக்கு வருகிறேன்.

டென்மார்க் அரசருக்குத் தரங்கம்பாடியில் கோட்டை இருந்தது உங்களுக்குத் தெரியும். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டையில் 1623–24இல் வேலை பார்த்த வீரர்களில் ஓர் ஐஸ்லாந்துக்காரர் இருந்தார். யோன் ஓலாப்சன் என்பது பெயர். வெடிமருந்து வெடித்துக் காயப்பட்டு ஊர் திரும்பியவர். இந்தியப் பயணி என்ற பட்டப்பெயரோடு வாழ்ந்து, 1661இல் தன் வரலாற்றை எழுதி வைத்தார். தமிழ்க் கோயில்களையும் மக்களையும் கண்ட ஒருவர், நீள எட்டாவுக்குப் படம் வரைந்த அதே தலைமுறைக் காலத்தில் ஐஸ்லாந்தில் உயிரோடு இருந்தார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நம் தெய்வங்களைத் தாளில் வரைந்தது பெரும்பாலும் பிறருக்காக. ரோமில் கசனதென்சே நூலகத்தில் 1540 வாக்கில் போர்த்துக்கீசியருக்காக வரைந்த 76 நீர்வண்ணப் படங்கள் இருக்கின்றன. இந்திய ஓவியர் ஒருவரின் கைவேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல நாட்டு மக்களோடு மும்மூர்த்திகளும் அதில் உண்டு. பிறகு 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த பிலிப்புஸ் பால்தேயுஸ் என்ற பாதிரியார் இந்தக் கரையின் பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார், பரதவர் அசையவில்லை. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய பெரிய நூலில் தூத்துக்குடியின் படம் ஒன்று இருக்கிறது, பத்து அவதாரங்களின் படங்களும் இருக்கின்றன. தெய்வக்கதைப் பகுதியைப் பெனிச்சியோவின் நூலிலிருந்தும், பிலிப்ஸ் ஆங்கெல் என்ற ஓவியரின் கைப்பிரதியிலிருந்தும் பெருமளவு எடுத்தார். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட அந்தப் படங்களில் கோடு கூர்மையாக இருக்கிறது, நிழல் சரியாக விழுகிறது. யாகோப் சிகுர்ட்சனுக்கு அந்தத் திறன் கிடையாது. ஆனாலும் என்னைக் கேட்டால் யாகோபின் ஒரு பக்கத்துக்கு அந்தப் புத்தகம் முழுவதும் ஈடாகாது. கதையோடு வளர்ந்த கை வேறு, கதையைச் சரக்காக வாங்கிய கை வேறு.

நம்மிடம் தோரின் தூண்டிலுக்கு இணையான கதை இருக்கிறது. திருவிளையாடற் புராணத்தில் வலைவீசிய படலம். ஈசன் வேதப்பொருள் சொல்கிறார். உமையின் கவனம் சிதறுகிறது. பரதவர் மகளாகப் பிற என்கிறார். தாய்க்கு நேர்ந்ததைப் பொறாத பிள்ளைகள் இருவரும் சுவடிகளைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். உள்ளே விட்ட குற்றத்துக்கு நந்தி சுறாவாகப் பிறக்கிறார். புன்னை மரத்தடியில் கிடந்த பெண் குழந்தையைப் பரதவர் தலைவன் எடுத்து வளர்க்கிறான். சுறாவோ படகைக் கவிழ்க்கிறது, வலையைக் கிழிக்கிறது, யாருக்கும் அகப்படவில்லை. அடக்கியவனுக்கு மகளைக் கொடுப்பேன் என்கிறான் தலைவன். மதுரையிலிருந்து வந்த வலைஞனாக ஈசன் நின்று, வலை வீசி, சுறாவைக் கரைக்கு இழுத்து, பெண்ணை மணக்கிறார்.

கடலில் விழுந்த சுவடிகளில் தொடங்கும் கதை என்பதைக் கவனியுங்கள். தோரின் கயிறு அறுந்தது. ஈசனின் வலை அறவில்லை. அங்கே கடலுக்குள் இருப்பது பகை. இங்கே அது சாபத்தில் இருக்கும் சொந்தம், பிடிப்பதே விடுவிப்பது. கொல்லாமல் கரைசேர்க்கும் இந்த முடிவு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

பரஞ்சோதி முனிவர் பாடிய விளையாடல்கள் மதுரைப் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய சுவர்களில் ஓவியமாக இருந்தன. இங்கிருந்து வேம்பார் தாண்டிப் போனால் சாயல்குடிக்குப் பக்கத்தில் மாரியூர். அங்கே பூவேந்தியநாதர் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் படகேறிக் கடலுக்குள் போய் வலைவீசும் படலத்தை நடத்துகிறார்கள். சுவரில் இருந்தது, கடலில் நடக்கிறது. தாளில், இந்தக் கரையின் கையால், படம் படமாக அது வர வேண்டும் என்பதைக் கேட்கத்தான் இன்று வந்தேன்.

வரைய உட்காருகிறவருக்குப் புராணம் மட்டும் போதாது. ஈசன் ஏறியது கட்டுமரமா, வள்ளமா, பாய்விரித்த தோணியா? வலை எந்த நூல், பருத்தியா சணலா, கண்ணி எத்தனை விரல்? சுறாவுக்கு வீசும் வலையின் மிதப்பு எதனால் ஆனது, அடியில் கட்டிய கல் எவ்வளவு கனம்? சுறா விழுந்ததும் வலை எந்தப் பக்கம் முறுக்கும், அணியத்தில் நிற்பவன் என்ன செய்வான், அமரத்தில் இருப்பவன் என்ன கத்துவான்? நைலான் வருவதற்கு முன் வலை கட்டிய பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பின்வரிசையில் ஓவியம் பயிலும் மாணவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் கலைவதற்குள் அவர்கள் உங்களிடம் வருவார்கள். நோட்டும் பென்சிலும் கையில் வைத்திருக்கிறார்கள்; கண்ணியிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.